கப்பித்தான் கூஸ்தோ

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணத்திலிருந்து தெற்கு நோக்கி வருகிறவர்கள் புதுச்சேரிப் பிரதேசத்திற்குள் பிரவேசிக்கும் இடம் கனகசெட்டிக்குளம். காலாப்பட்டுக்கு வடக்கேயுள்ள இந்தக் கிராமத்து மீனவ மக்களுக்குக் கடலே வயல், கடலே களஞ்சியம். ஓங்கில்கள் படகுக்கு முன்னே துள்ளிச் செல்வதும், பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிட்டு மீளுவதும், எப்போதேனும் ஒரு திமிங்கிலச் சுறா வலையில் மோதி அதைக் கந்தலாக்குவதும் இக்கரையோர மக்கள் அறிந்த செய்திகளே. இந்தப் பிராணிகளைக் கண்ணாற் காண்பதற்கென்றே பெரும்பொருள் செலவிட்டுக் கப்பலேறி, அக்கப்பலிலேயே ஒரு வாரம் பத்து நாள் உண்டு உறங்கி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை காற்றுக் குடுவையை முதுகிற் கட்டிக்கொண்டு நீரில் மூழ்கி மீளுகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்று சொன்னால், வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் முதியவர் சற்றே தலைநிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்வார்.

ஆயினும் அவ்விதக் கடல் யாத்திரைகள் மாலத்தீவுகளிலும் செங்கடலிலும் இன்று பெரியதொரு வியாபாரமாகவே வளர்ந்திருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து படகேறிச் சென்று மூழ்கிப் பார்த்து, அன்றே கரை திரும்புகிறவர்களும் உண்டு. இவ்வழக்கம் உலகில் பரவியதற்கு மற்றெவரையும்விட மிகுந்த காரணமாயிருந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ழாக்-ஈவ் கூஸ்தோ என்பது அவர் பெயர். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பிரான்ஸின் ஆட்சியை நேரில் அனுபவித்த நாட்டினர் நாம்; ஒரு பிரெஞ்சுக்காரரின் புகழைப் பாடுவதற்கு நமக்கு அவசரம் ஏதுமில்லை. ஆனால் தம் கையால் செய்த கொலைகளைத் தாமே வெளிச்சம் போட்டுக் காட்டியவராயும், பின்னர்த் தம் சொந்த சர்க்காரையே எதிர்த்து நின்றவராயும் உள்ள ஒரு மனிதரின் ஜீவிய சரித்திரம் தேசத் தொண்டில் ஈடுபட்டோருக்குப் பயன்படக்கூடியதே.

கூஸ்தோ 1910-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ம் தேதி, போர்தோ நகருக்கு அருகிலுள்ள ஸேந்த்-ஆந்த்ரே-த-குப்ஸாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் வழக்கறிஞர், அமெரிக்கத் தனவந்தர்களிடம் காரியதரிசியாக ஊழியம் பார்த்ததால் குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. பிள்ளை நோஞ்சான். சில காலம் அமெரிக்காவில் வசித்தபோது, ஓர் ஏரியின் அடியிற் கிடந்த மரக்கிளைகளை அகற்றும்படி ஆசிரியர் ஏவ, அப்பொழுதுதான் முதன்முதலாக நீருக்குள் மூழ்கிப் பழகினார். பதின்மூன்று வயதில் சேமித்த காசைக் கொண்டு ஒரு சினிமாக் காமிரா வாங்கினார். பள்ளிக்கூடத்து ஜன்னல்களை உடைத்து அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1930-ல் பிரெஸ்தில் உள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். பாலபருவத்தைப் பற்றி இதற்குமேல் விஸ்தரிக்க வேண்டுவதில்லை.

அவர் ஆசை வைத்தது கடலின்மேல் அல்ல, ஆகாயத்தின்மேல். விமானமோட்டியாகும் பயிற்சியில் இருக்கையில், 1936-ல், இரவில் மோட்டார் ஓட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில் கைகள் முறிந்தன. ஒரு கையையே அகற்றிவிடலாமென்று வைத்தியர்கள் எண்ணினார்கள் என்றும், அவர் இணங்கவில்லை என்றும் சொல்லுவார்கள். விமானத்தை மறக்க வேண்டியதாயிற்று. தூலோன் துறைமுகத்திற்கு மாற்றப்பட்ட அவர், கைகளுக்கு வலுவேறுவதற்காகத் தினந்தோறும் கடலில் நீந்தினார். தோழரான பிலிப் தாய்யே என்னும் அதிகாரி அவருக்கு ஒரு ஜோடி நீர்க்கண்ணாடி கொடுத்தார். அதை அணிந்து முகத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்திய அந்தக் கணத்திலேயே தம் வாழ்வின் திசை மாறிவிட்டதென்று பிற்காலத்தில் அவர் பலமுறை எழுதியிருக்கிறார். ஃப்ரெதெரிக் துமா என்னும் மூன்றாவது தோழரும் சேர்ந்துகொண்டார். மூவரும் அப்பொழுது செய்தது கடலாராய்ச்சியன்று. ஈட்டியால் மீனைக் குத்தும் வேட்டையே. 1937-ல் ஸிமோன் மெல்ஷியோர் என்னும் பெண்மணியை கூஸ்தோ மணந்தார். அந்தப் பெண்மணியைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியது உண்டு.

பிறகு யுத்தம் வந்தது. 1940-ல் பிரான்ஸ் வீழ்ந்தது. அவ்வருஷம் செப்டம்பரில் நமது புதுச்சேரி நிர்வாகம், கவர்னர் போன்வேன் தலைமையில், ஜெனரல் தெகோலின் சுதந்திர பிரான்ஸோடு சேர்ந்துகொண்டதை முதியோர் அறிவர். இந்தியரைச் சுதந்திரமின்றி வைத்துக்கொண்டே சுதந்திர பிரான்ஸ் என்று பெயர் பூண்டது அக்காலத்து விநோதங்களில் ஒன்று. தாய்நாட்டிலோ பிரெஞ்சுக் கடற்படை, ஜெர்மானியர் கைக்குக் கப்பல்கள் போகாதிருக்கும் பொருட்டு, 1942 நவம்பர் 27-ம் தேதி தூலோனில் அவற்றைத் தானே மூழ்கடித்துக்கொண்டது. கப்பலில்லாத மாலுமிகளில் ஒருவராகக் கூஸ்தோ கரையில் நின்றார். ஆக்கிரமிப்பாளருக்கு எதிரான ரகசிய வேலைகளிலும் அவர் பங்கு கொண்டார். அதற்காக யுத்தத்திற்குப் பின் அவருக்கு விருதும் கிடைத்தது.

அதே வீட்டில் பிறந்த தமையனார் பியேர்-ஆந்துவான் நேர்மாறான வழியிற் சென்றார். ஜெர்மானியருக்கு வால்பிடித்த ஒரு பாரிஸ் வாரப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்து, யூதரைத் தூற்றியும் எதிரியைப் போற்றியும் எழுதினார். 1946-ல் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்பு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, சில வருஷங்களில் விடுதலையும் கிடைத்தது. அந்த விசாரணையின்போது தம்பி கடற்படை உடையோடு கோர்ட்டுக்குச் சென்று தமையனுக்காகச் சாட்சி சொன்னார். அதனால் உத்தியோக உயர்வு தடைப்பட்டதென்பது பலரின் அபிப்பிராயம். தமையனின் கொள்கையை அவர் ஏற்கவில்லை, தமையனைக் கைவிடவுமில்லை. பாசத்திற்கும் கடமைக்கும் நடுவே அவர் சரியாக நடந்தாரா என்பதில் அன்பர்களுக்கு வேறுபட்ட அபிப்பிராயங்கள் இருக்கலாம். ஆக்கிரமிப்பாளரின் பணத்தில் பேனா ஓட்டிய பத்திரிகாசிரியர்கள் விஷயத்தில் நமக்கு அனுதாபம் குறைவு என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

இந்த இருண்ட வருஷங்களிலேதான் அந்தக் கருவி பிறந்தது. நீருக்குள் பத்து மீட்டர் இறங்கும்தோறும் உடலின்மேல் அழுத்தம், காற்றுமண்டலத்தின் அழுத்தத்துக்குச் சமமான ஒரு பங்கு கூடுகிறது. அவ்வழுத்தத்திற்கு ஒப்பான அழுத்தத்தோடு காற்று கிடைத்தாலன்றி மார்பு விரியாது. தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்து, மேலே கப்பலிலிருந்து குழாய் வழியே காற்று வாங்கும் பழைய முறையில், மூழ்குகிறவன் கட்டுண்ட கன்றைப் போன்றவன். கூஸ்தோ முதலில் தனிப் பிராணவாயுவைச் சுவாசிக்கும் கருவி ஒன்றைப் பரீட்சித்து, ஏறக்குறைய 14 மீட்டர் ஆழத்தில் இருமுறை வலிப்புக் கண்டு உயிர் தப்பினார். அழுத்தம் மிகுந்த இடத்தில் பிராணவாயுவே நஞ்சாகிவிடும் என்பது அதனால் விளங்கிற்று. 1942-ம் வருஷக் கடைசியில், மாமனார் சம்பந்தப்பட்டிருந்த ஏர் லிக்கீட் என்னும் வாயுக் கம்பெனியின் மூலமாக, எமில் கான்யான் என்ற எஞ்சினீயரைச் சந்தித்தார். பெட்ரோல் பஞ்சத்தினால் மோட்டார் வண்டிகளைச் சமையல் வாயுவில் ஓட்டுவதற்குக் கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். எஞ்சின் இழுக்குமளவு மட்டும் வாயுவைத் தரும் அந்த வால்வையே மனிதனின் மூச்சுக்கு ஏற்றபடி மாற்றினால் என்ன என்பது கேள்வி.

1943 ஜனவரியில் பாரிஸுக்கு அருகே மார்ன் நதியில் முதற் பரீட்சை நடந்தது. நிமிர்ந்திருக்கையில் காற்று வீணாகக் கொப்புளித்தது. தலைகீழானபோது மூச்சுத் திணறிற்று. வெளியேறும் காற்றுக்கான வாயையும் உள்வரும் காற்றைக் கட்டுப்படுத்தும் சவ்வையும் ஒரே மட்டத்தில் வைத்துவிட்டால் அழுத்த வித்தியாசம் நீங்கிவிடும் என்று கண்டுபிடித்தார்கள். எளிய திருத்தம், ஆனால் அதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பந்தோல் ஊர்க் கடற்கரையில் கூஸ்தோ அக்கருவியோடு இறங்கி, மீனைப்போலக் கிடந்தும் புரண்டும் நீந்தினார். ஸ்கூபா என்று இன்று ஊரெங்கும் வழங்குவது இதன் சந்ததியே. ரூக்கேரோல், தெனேருஸ், லெ பிரியேர் ஆகிய பிரெஞ்சுக்காரர்கள் முன்னமே இத்துறையில் உழைத்திருந்தார்கள் என்பதையும், கான்யானின் மூளையின்றிக் கூஸ்தோவின் துணிவு பலிதமாயிராது என்பதையும் மறக்கலாகாது. கான்யான் பின்னர் கனடாவில் குடியேறி அமைதியாகக் காலங்கழித்தார். உலகம் கப்பித்தானின் சிவப்புக் குல்லாயை மட்டுமே நினைவிற் கொண்டது.

இங்கே நம்மவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. மன்னார்க் கடலில் முத்தும் சங்கும் குளித்த நமது குளியாட்கள் எந்த வால்வுமின்றி, கல்லொன்றைக் காலிற் பற்றிக்கொண்டு, ஒரே மூச்சில் கடலடிக்குச் சென்று மீண்டார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடல்கட்டி என்னும் மந்திரவாதி கரையில் இருந்தாலன்றி அவர்கள் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்கார சர்க்காரே அம்மந்திரவாதிக்குச் சம்மானம் கொடுத்து வைத்திருந்தது. முத்து சர்க்காருக்கும் வர்த்தகருக்கும் போயிற்று. குளித்தவன் காதில் இரத்தம் வடிந்தது. கடலடியைப் பற்றி அவன் அறிந்ததை எழுதி வைப்பாரில்லை. 1950-களிலும் 1961 வரையிலும் தூத்துக்குடியில் சர்க்கார் நடத்திய முத்துக் குளிப்புக்குப் பின் அத்தொழிலும் ஓய்ந்தது.

யுத்தம் முடிந்ததும் தாய்யேயும் கூஸ்தோவும் தூலோனில் கடற்படையின் மூழ்காராய்ச்சிப் பிரிவை நிறுவிக் கண்ணிவெடிகளை அகற்றினார்கள். 1946-ல் வோக்ளூஸ் ஊற்றின் ஆழத்தை அளக்கப் புகுந்தபோது கூஸ்தோவும் துமாவும் சாவின் விளிம்பு வரை சென்றார்கள். குடுவைகளை நிரப்பிய இயந்திரம் தன் புகையையே உறிஞ்சி உள்ளே அடைத்திருந்தது. கயிற்றைப் பிடித்து மேலே நின்ற மோரீஸ் ஃபார்க் என்பவர் நிலைமையை உணர்ந்து இழுத்துக் காத்தார். மறு வருஷம் 120 மீட்டர் ஆழத்தைத் தொட முயன்று அந்த ஃபார்க்கே உயிர் நீத்தார். இன்று விடுமுறைக்காக மூழ்குவோருக்குப் போதிக்கப்படும் விதிகள் பல இவ்விதம் ஒவ்வோர் உயிரின் விலையில் கற்றுக்கொள்ளப்பட்டவை.

1950-ல், லோயல் கின்னஸ் என்னும் ஆங்கிலத் தனவந்தர் ஒரு மரக்கப்பலை வாங்கி, வருஷத்திற்கு ஒரு ஃபிராங்க் வாடகைக்குக் கூஸ்தோவிடம் ஒப்படைத்தார். அது 1942-ல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, ஆங்கிலக் கடற்படைக்காகக் கண்ணி வாரி, பின்பு மால்டா தீவில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்த்துக்கொண்டிருந்த கிழட்டுக் கப்பல். நீளம் நாற்பது மீட்டருக்குச் சற்று அதிகம். காலிப்ஸோ என்பது அதன் பெயர். முன்மூக்கில் நீர்மட்டத்தின் கீழ் கண்ணாடித் துவாரங்களோடு ஓர் அறை அமைத்தார்கள். உள்ளே படுத்துக்கொண்டு ஓங்கில்கள் விளையாடுவதைக் காணலாம். கப்பலைச் சித்தப்படுத்தப் பணம் போதாமையால் ஸிமோன் அம்மையார் தம் நகைகளை விற்றுக் கொடுத்தார். அதோடு நில்லாமல் கப்பலிலேயே குடியேறினார். கணவர் சொற்பொழிவென்றும் சினிமாவென்றும் நகரங்களில் சுற்றிக்கொண்டிருந்த வருஷங்களிலும் அம்மையார் கப்பலை விட்டகலவில்லை. மாலுமிகளுக்குத் தாயாகவும் வைத்தியராகவும் கணக்கராகவும் இருந்தார். காலிப்ஸோவில் மற்றெவரையும்விட நெடுங்காலம் வாழ்ந்தவர் அவரே. ஆனால் காமிராவுக்கு முன் வர மறுத்தார். அதனால் படங்களைப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. தேச விடுதலைக்காக நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பெயரின்றி மறைந்த நம் ஸ்திரீகளை எண்ணிப் பார்க்கும் அன்பர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

1951-ல் காலிப்ஸோ முதன்முதலாகச் செங்கடல் சென்றது. ஆராய்ச்சியாளரும் மூழ்குவோரும் ஒரே கப்பலில் உண்டு உறங்கி, விடிந்ததும் பவளப் பாறைகளில் இறங்கி, மாலையில் கண்டதை எழுதிவைத்து, இரவோடிரவாக அடுத்த தீவுக்கு நகர்ந்தார்கள். இன்று கப்பலில் தங்கிப் பெருமீன்களைக் காணச் செல்வோரின் தினசரி முறை இதுவேயன்றி வேறல்ல. எழுதிவைக்கும் வேலை மட்டும் இவர்களுக்கு இல்லை.

1955-ம் வருஷ யாத்திரையில் செங்கடலையும் இந்துமகா சமுத்திரத்தின் மேற்குத் தீவுகளையும் சுற்றி எடுத்த படம் அவரை உலகப் பிரசித்தி பெறச் செய்தது. மௌன உலகம் என்று பொருள்படும் பெயர் கொண்ட அப்படம், வாலிபரான லூயி மால் என்பவரின் கூட்டுறவோடு தயாரானது. 1956-ல் கான் நகரத் திரைப்பட விழாவில் தங்கப் பனையோலைப் பரிசையும், மறு வருஷம் அமெரிக்காவின் ஆஸ்கர் பரிசையும் பெற்றது.

அந்தப் படத்தை இன்று பார்ப்பவர்கள் திடுக்கிடாமலிருக்க முடியாது. கடல் ஆமையின் முதுகில் மூழ்குவோர் சவாரி செய்கிறார்கள். ஓரிடத்தில் எத்தனை மீன் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதற்காகப் பவளப் பாறையில் வெடி வைக்கிறார்கள். வெண்வயிறு மேலாக மீன்கள் குவியல் குவியலாக மிதக்கின்றன. எல்லாவற்றிலும் கொடியது அதன்பின் வருவது. எண்ணெய்த் திமிங்கிலக் கூட்டத்தினூடே கப்பலைச் செலுத்தி, ஒரு குட்டியை விசிறிக்குப் பலியாக்குகிறார்கள். இரத்தம் பெருக்கும் குட்டியின் வேதனையைத் தீர்ப்பதற்கென்று சுட்டுக் கொல்கிறார்கள். மணம் பிடித்துச் சுறாக்கள் வந்து கிழிக்கத் தொடங்கியதும் மாலுமிகளுக்கு ஆவேசம் பிறக்கிறது. கொக்கிகளால் சுறாக்களைத் தளத்தின்மேல் இழுத்துப்போட்டு, கோடரி கொண்டு வெட்டித் தள்ளுகிறார்கள். குட்டியைக் கொன்றவர்கள் தாங்களே என்பதை மறந்து, அதன் சாவுக்குச் சுறாக்களைப் பழிவாங்குகிறார்கள்! ஒரு ஜாதியைக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்திவிட்டுப் பிறகு அடித்து நொறுக்கும் ஆதிக்க மனப்பான்மைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆனால் இக்காட்சிகளில் எதுவும் அன்று மறைக்கப்படவில்லை. வெட்கப்படத்தக்கது என்ற உணர்வே அப்போது இல்லாதிருந்ததால் மறைக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம், அது உண்மையே. பிற்காலத்தில் வெட்கம் வந்தது. அப்பொழுதும் தம் கையிலிருந்த படச்சுருளைக் கத்தரித்துத் தம்மைச் சுத்தப்படுத்திக்கொள்ள அவர் முற்படவில்லை. தாம் முன்னர் எப்படிப்பட்டவராயிருந்தார் என்பதற்கு அதுவே சாட்சியென்று இருக்கும்படி விட்டுவிட்டார்.

பணத்தின் விஷயத்திலும் அவர் கைகள் முழுச் சுத்தமல்ல. புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த 1954-ம் வருஷத்தில், ஆங்கிலப் பெட்ரோலியக் கம்பெனிக்காகக் காலிப்ஸோ பாரஸீக வளைகுடாவில் அபுதாபியின் கடலடியை ஆராய்ந்தது. நான்கு வருஷத்திற்குப் பின் அங்கே உம் ஷைஃப் என்னுமிடத்தில் எண்ணெய் பீறிட்டது. கடலைக் காப்பவர் என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கும் வழிகாட்டினார். கடலடியில் வீடு கட்டி மனிதரைக் குடியேற்றும் அவரது முயற்சிகளுக்கும் எண்ணெய்த் தொழிலின் பணம் உதவிற்று. 1962-ல் மார்ஸேய் அருகே தொடங்கிய அம்முயற்சியில், மறு வருஷம் சூடான் கரையோரத்து ஷாப் ரூமி பாறையில் பத்து மீட்டர் ஆழத்தில் நட்சத்திர வடிவான வீடொன்றில் ஐவர் ஒரு மாதம் வசித்தார்கள். அதைக் குறித்த படத்திற்கும் ஆஸ்கர் பரிசு கிடைத்தது. மனிதன் கடலில் குடியேறவில்லை. சிறு நீர்மூழ்கியை நிறுத்திவைத்த கொட்டகை மட்டும் பவளம் படிந்து அங்கேயே நிற்கிறது. கொம்பன் சுறாக் கூட்டங்களைக் காண்பதற்காக அப்பாறைக்குச் சென்ற யாத்திரைக் கப்பல்கள் பலவும் அதையும் காட்டி வந்திருக்கின்றன.

எண்ணெய்க் கம்பெனியின் ஊழியர் எப்போது சர்க்காரின் எதிரியானார்? திருப்பம் 1960-ல் நேர்ந்தது. அணுச்சக்திக் கழிவை ஆயிரக்கணக்கான பீப்பாய்களில் அடைத்து மத்தியதரைக் கடலில் கொட்டுவதற்குப் பிரெஞ்சு சர்க்காரின் அணுச்சக்தி ஸ்தாபனம் திட்டமிட்டது. கூஸ்தோ அப்பொழுது மொனாக்கோ கடலாராய்ச்சிக் காட்சிசாலையின் தலைவர். முன்னாள் கடற்படை அதிகாரி. சர்க்கார் உதவியை நாடி நிற்பவர். வாய்மூடியிருக்க அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவர் பகிரங்கமாக எதிர்த்தார். தென்கரை ஊர்களில் ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள், பத்திரிகைகள் சேர்ந்துகொண்டன, திட்டம் கைவிடப்பட்டது. சட்டசபையில் ஓர் ஆசனமும் இல்லாத ஒருவர், தாம் கண்ணாற் கண்டதைச் சொல்லும் வலிமையால் மட்டும் ஒரு வல்லரசைப் பின்வாங்கச் செய்ததில் நமது தொண்டர்கள் கவனிக்க வேண்டியது இருக்கிறது. கடலடியை ஜனங்கள் திரைகளில் கண்டிராவிட்டால் அன்று எத்தனை பேர் தெருவுக்கு வந்திருப்பார்கள்?

1967-ல் காலிப்ஸோ மொனாக்கோவிலிருந்து மீண்டும் புறப்பட்டுச் செங்கடலுக்கும் இந்துமகா சமுத்திரத்திற்கும் வந்தது. இம்முறை எடுத்த படங்கள் 1968 முதல் டெலிவிஷன் மூலமாக வீடுதோறும் சென்றன. கோடரியால் சுறாவை வெட்டிய அதே கப்பலிலிருந்து, இரும்புக் கூண்டுக்குள்ளும் பின் கூண்டுக்கு வெளியிலும் நின்று சுறாக்களின் நடத்தையை நோட்டம் பார்த்தார்கள். இரண்டாம் மகன் பிலிப்போடு சேர்ந்து சுறாக்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1973-ல் கடலைக் காப்பதற்கென்று அமெரிக்காவில் ஒரு சங்கம் நிறுவினார்.

அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் கப்பலேறிச் செல்லும் இன்றைய யாத்திரிகர்களை உண்டாக்கிற்று. யாத்திரிகர் வருவதால் மீனுக்கு உயிரோடும் ஒரு விலை உண்டு என்ற ஞானம் சில தேசங்களுக்கு வந்தது. மாலத்தீவு சர்க்கார் 1995-ல் திமிங்கிலச் சுறாவையும், 2010-ல் எல்லாச் சுறா இனங்களையும், 2014-ல் திருக்கைகளையும் பிடிக்கலாகாதென்று தடுத்தது. கொம்புத் திருக்கைகள் நூற்றுக்கணக்கில் இரை தேடிக் கூடும் ஹனிஃபாரு விரிகுடாவிலோ, அவற்றுக்கு இடையூறு மிகுந்ததால் காற்றுக் குடுவையோடு மூழ்குவதையே விலக்கிவிட்டார்கள். மேலே மிதந்து பார்க்கலாம், அவ்வளவுதான். காணச் செல்லும் கூட்டமும் ஒருவகை வலையாகிவிடும் என்பதற்கு இது அத்தாட்சி.

நமது தேசத்தில் 2001-ம் வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கிலச் சுறா சேர்க்கப்பட்டது; அச்சட்டத்தின் நிழலுக்கு வந்த முதல் மீன் அதுவே. அதற்கு முன் குஜராத் கரையில் எண்ணெய்க்காகவும் மாமிசத்திற்காகவும் அதை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். அந்தக் கரையின் மீனவரே பின்னர் தம் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்தார்கள். அறுந்த வலைக்கு சர்க்கார் நஷ்டஈடு கொடுக்க முன்வந்ததும் அதற்கு ஒரு காரணம். பாக் நீரிணைப்பில் ஆவுளியாவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்தது. சட்டம் எழுதுவது சுலபம். நடுக்கடலில் யாரும் பாராத வேளையில், வலையை அறுப்பதா மீனை இழுப்பதா என்று நிச்சயிப்பவன் கனகசெட்டிக்குளம் போன்ற ஊர்களின் மீனவனே. அவனுக்கு வலை என்பது பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம். அந்த வலையின் விலையை அவன் ஒருவன் தலையிலேயே கட்டிவிட்டு, உயிரோடு தப்பிய மீனைக் காட்டிச் சம்பாதிக்கும் உரிமையை மட்டும் நகரத்துக் கம்பெனிகளுக்கு அளிப்பது எந்த நியாயத்திலும் அடங்காது. நஷ்டஈடும், படகோட்டும் வேலையும், வழிகாட்டும் உரிமையும் கரைவாழ் மக்களுக்கே முதலில் சேர வேண்டும். கூஸ்தோவின் படங்களில் இந்தப் பக்கம் மிகவும் குறைவு. தீவுகளில் வாழ்ந்த கறுத்த மனிதர்கள் அவற்றில் பெரும்பாலும் ஓரமாகவே நிற்கிறார்கள்.

கப்பித்தானின் கடைசி வருஷங்கள் துக்கமும் போராட்டமும் கலந்தவை. 1979 ஜூன் 28-ம் தேதி லிஸ்பன் அருகே கடல்விமானம் நொறுங்கிப் பிலிப் மாண்டார். 1990 டிசம்பரில் ஸிமோன் அம்மையார் காலமானார். மறு வருஷம் ஃபிரான்ஸீன் திரிப்லே என்பவரைக் கூஸ்தோ மணந்தார்; அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே அவரிடம் இரு பிள்ளைகள் பிறந்திருந்த செய்தியும் அப்பொழுது வெளியாயிற்று. மூத்த மகன் ஃபிஜித் தீவில், மூழ்க விரும்பும் யாத்திரிகருக்காக நடத்தப்பட்ட விடுதிக்குக் குடும்பப் பெயரைக் கொடுத்தபோது, தம் பெயர் வியாபாரச் சரக்காவதைப் பொறாமல் தகப்பனார் கோர்ட்டுக்குப் போனார். பெயரை உலகெங்கும் பரப்பியதில் அவரே முதல்வர் என்பதால் இவ்வழக்கில் நம் மனம் எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயவில்லை.

ஆனால் பொதுக் காரியத்தில் அவர் தளரவில்லை. தென்துருவக் கண்டத்தில் சுரங்கம் தோண்டுவதை ஒழுங்குபடுத்துகிறோம் என்ற பேரில் வல்லரசுகள் 1988-ல் ஓர் ஒப்பந்தம் எழுதின. எண்பது வயதை நெருங்கிய கூஸ்தோ உலகெங்கும் கையொப்பம் திரட்டி அதை எதிர்த்தார். ஆஸ்திரேலியாவும் பிரான்ஸும் ஒப்பந்தத்தினின்று விலகின. 1991 அக்டோபரில் மாட்ரிட் நகரில், சுரங்கத் தொழிலையே தடை செய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1995-ல் ஜனாதிபதி ஷிராக் பசிபிக் தீவுகளில் அணுகுண்டுச் சோதனையை மீண்டும் தொடங்கியபோது, வருங்காலத் தலைமுறைகளின் உரிமைக்கென்று பிரெஞ்சு சர்க்கார் நிறுவியிருந்த குழுவின் தலைமைப் பதவியைக் கூஸ்தோ உதறினார். தமக்கு மாலையிட்ட கைகளின் முன்னிலையிலேயே அந்த மாலையைக் கழற்றி வைக்கும் துணிவு எண்பத்தைந்து வயதில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

1996 ஜனவரி 8-ம் தேதி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரு பாரப்படகு மோதிக் காலிப்ஸோ மூழ்கிற்று. அதைத் தூக்கி எடுத்தார்கள். ஆனால் அது பிறகு எந்தக் கடலுக்கும் செல்லவில்லை. 1997-ம் வருஷம் ஜூன் 25-ம் தேதி கூஸ்தோ தமது 87-வது வயதில் பாரிஸில் காலமானார். நோத்ர-தாம் தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தபின், கடலில் அல்லாமல், பிறந்த ஊரான ஸேந்த்-ஆந்த்ரே-த-குப்ஸாக் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். கப்பலின் உரிமை யாருடையது, செப்பனிடும் செலவு யாருடையது என்ற வழக்கில் வருஷங்கள் கழிந்தன. பிரெத்தாஞ் கரையில் கிடந்த காலிப்ஸோ 2016-ல் துருக்கிக்குக் கொண்டு செல்லப்பட்டது. மறு வருஷம் அங்கே நேர்ந்த தீயில் அதன் மரக்கட்டைகளில் ஒரு பகுதி வெந்துபோயிற்று.